காட்டிக் கொடுத்தவரா, காட்டித் தந்தவரா? எட்வர்ட் ஸ்னோடன் வழக்கு

தமிழில் 'காட்டிக் கொடுப்பது' என்றால் துரோகம். சின்ன வயசிலிருந்தே எட்டப்பன் பெயரைச் சொல்லித்தான் அதை நமக்குப் புரிய வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி 'காட்டித் தந்தார்' என்று சொல்லிப் பாருங்கள், அர்த்தமே தலைகீழாகி விடுகிறது. அமெரிக்காவின் எட்வர்ட் ஸ்னோடன் செய்த காரியம் இந்த இரண்டில் எது என்ற சண்டை 2013இல் ஆரம்பித்தது. இன்று வரை ஓயவில்லை.

அவரைத் தியாகியாக்கவோ துரோகியாக்கவோ இந்தக் கட்டுரைக்கு உத்தேசம் இல்லை. அவர் வெளியிட்டது என்ன, அதனால் மாறியது எது, மாறாதது எது, அவர் பேரில் சொல்லப்படும் குற்றங்களில் எது நிற்கும், எது நிற்காது என்று வரிசையாகப் பார்ப்போம். மத்திய அரசு அலுவலகங்களிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் வேலை பார்த்து, 'ஆபீஸ் ரகசியம்' என்ற வார்த்தையோடு குடித்தனம் நடத்துகிற குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. ஆகவே விஷயம் நமக்கு அவ்வளவு தூரமானது அல்ல.

யார் இந்த ஸ்னோடன்?

1983 ஜூன் 21இல் வட கரோலினா மாநிலத்தில் பிறந்தவர். அப்பா கடலோரக் காவல் படையில் இருந்தவர். அம்மா நீதிமன்ற அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அரசாங்க உத்தியோகக் குடும்பம் என்றே சொல்லலாம். பையன் பள்ளிப் படிப்பை முறையாக முடிக்கவில்லை. பின்னால் அதற்குச் சமமான தேர்வு எழுதித் தேறினார். 2004இல் ராணுவத்தில் சேர்ந்து, பயிற்சிக் காலத்திலேயே காயம்பட்டு வெளியே வந்தார். ஆனால் கம்ப்யூட்டரில் கை தேர்ந்தவர். அந்தத் திறமையே அவரை சி.ஐ.ஏ.வில் கொண்டு போய்ச் சேர்த்தது. 2007இல் ஜெனிவாவுக்கு அனுப்பப்பட்டார்.

2009இல் அந்த வேலையை விட்டுவிட்டு, தனியார் கம்பெனிகளின் ஊழியராக தேசியப் பாதுகாப்பு முகமையான என்.எஸ்.ஏ.வுக்கு வேலை பார்த்தார். முதலில் ஜப்பான், பிறகு ஹவாய்த் தீவு. அதாவது நம்ம ஊர் பாஷையில் 'கான்ட்ராக்ட் ஸ்டாஃப்'. இந்த விவரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இடையில் 2010 செப்டம்பரில் தில்லிக்கும் வந்து, ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் சில நாள் பாடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

2013 மே 20 அன்று, வைத்தியத்துக்கு லீவு என்று சொல்லிவிட்டு ஹவாயிலிருந்து ஹாங்காங் போனார். அங்கே ஒரு ஓட்டல் அறையில் லாரா பாய்ட்ரஸ், க்ளென் கிரீன்வால்ட், இவன் மெக்காஸ்கில் ஆகிய மூன்று பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். ஜூன் முதல் வாரத்தில் லண்டன் 'கார்டியன்' பத்திரிகையிலும், 'வாஷிங்டன் போஸ்ட்'டிலும் செய்திகள் வெடித்தன. ஜூன் 9ஆம் தேதி, 'சொன்னது நான்தான்' என்று தானே முகத்தைக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 29.

அப்படி என்ன வெளிவந்தது?

முதலில் வந்தது ஒரு கோர்ட் உத்தரவு. வெரைசன் தொலைபேசி கம்பெனி, தன் வலையில் நடக்கும் அழைப்புகள் அத்தனைக்கும் உரிய விவரங்களைத் தினந்தோறும் என்.எஸ்.ஏ.வுக்குக் கொடுக்க வேண்டும் என்று, மூடிய கதவுக்குள் நடக்கும் ஒரு ரகசிய நீதிமன்றம் 2013 ஏப்ரலில் போட்ட உத்தரவு அது. இன்னார் மேல் சந்தேகம் என்று அதில் பெயர் எதுவும் கிடையாது. மூன்று மாதத்துக்கு எல்லாருடைய விவரமும் வேண்டும், அவ்வளவுதான்.

'பேசியதை ஒட்டுக் கேட்கவில்லை, விவரம் மட்டும்தானே' என்பது அரசாங்கத்தின் பதில். இந்த 'விவரம் மட்டும்' என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பழைய எஸ்.டி.டி. பூத் பில் நினைவிருக்கிறதா? நம்பர், நேரம், எத்தனை நிமிஷம். பேச்சு ஒரு வார்த்தை கூட அதில் இருக்காது. ஆனால் ஒருவருடைய ஒரு வாரத்து பில்களை வரிசையாக அடுக்கினால்? திங்கட்கிழமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு 12 நிமிஷம், உடனே ஊரில் இருக்கும் அண்ணனுக்கு 40 நிமிஷம், மறுநாள் இன்ஷூரன்ஸ் ஏஜண்டுக்கு, அதற்கும் மறுநாள் வக்கீலுக்கு. அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிவதற்கு முன்னால் பில்லைப் பார்த்தவருக்குத் தெரிந்துவிடும். இதைத்தான் ஒரு நாடு முழுமைக்கும் சேர்த்து வைத்தார்கள்.

அடுத்து வந்தது 'பிரிஸம்'. கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ, ஃபேஸ்புக், ஆப்பிள் முதலான கம்பெனிகளிடமிருந்து வெளிநாட்டவரின் மின்னஞ்சல், உரையாடல்கள் முதலியவற்றைப் பெறும் ஏற்பாடு. கம்பெனிகளின் கணினிக்குள்ளேயே என்.எஸ்.ஏ. நேரடியாகக் கை விடுகிறது என்பது போல முதல் நாள் செய்திகள் எழுதப்பட்டன; கம்பெனிகள் அதை மறுத்தன. சட்டப்படி கேட்டு வாங்கும் முறை என்பது பின்னால் தெளிவாயிற்று. ஆக, அந்த முதல் நாள் பரபரப்பில் கொஞ்சம் மிகையும் இருந்தது.

இதையெல்லாம் விடப் பெரிய அடி இன்னொன்று. 2013 மார்ச் 12 அன்று, அமெரிக்க உளவு அமைப்புகளுக்கெல்லாம் தலைவரான ஜேம்ஸ் கிளாப்பரிடம் செனட்டர் ரான் வைடன் பகிரங்கமாக ஒரு கேள்வி கேட்டார். கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி ஏதாவது தகவல் சேகரிக்கிறீர்களா என்பது கேள்வி. இல்லை, தெரிந்து செய்வதில்லை என்பது பதில். மூன்றே மாதத்தில் அந்தப் பதில் தவறு என்று ஆவணத்தோடு தெரிந்து போயிற்று. கிளாப்பர் பிற்பாடு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். அவர் மேல் வழக்கு எதுவும் வரவில்லை.

உள்ளேயே சொல்லியிருக்கலாமே?

அரசு வேலையில் இருப்பவர் எவரும் முதலில் கேட்கும் கேள்வி இது. மேலதிகாரியிடம் மனு கொடுத்திருக்கலாம், விசாரணை அதிகாரியிடம் போயிருக்கலாம், பத்திரிகைக்கு ஏன் போக வேண்டும்?

நியாயமான கேள்விதான். உள்ளே பலரிடம் சொன்னேன் என்கிறார் ஸ்னோடன். என்.எஸ்.ஏ. 2014இல் ஒரே ஒரு மின்னஞ்சலை வெளியிட்டு, இதுதான் எங்களிடம் உள்ளது, இதில் புகார் எதுவும் இல்லை, சட்ட விளக்கம்தான் கேட்டிருக்கிறார் என்றது. இந்த விஷயத்தில் அவருடைய கட்சி பலவீனமானது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் அதற்கு முன்பு உள்ளேயே சொல்லிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. பெயர் தாமஸ் டிரேக், என்.எஸ்.ஏ.யின் மூத்த அதிகாரி. முறைப்படி மேலே சொன்னார், நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். பிறகு ஒரு நிருபரிடமும் பேசினார். 2010இல் அவர் மேல் உளவுச் சட்டத்தில் வழக்கு. 2011இல் அந்த வழக்கு உதிர்ந்து, ஒரு சில்லறைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதோடு முடிந்தது. அதற்குள் வேலை போயிற்று. டிரேக்குக்கு நடந்ததைப் பார்த்துத்தான் தான் வேறு வழி தேடினதாக ஸ்னோடன் சொல்கிறார். போதாததற்கு, உளவுத் துறையில் புகார் சொல்பவர்களைப் பாதுகாக்க ஜனாதிபதி ஒபாமா 2012 அக்டோபரில் போட்ட ஆணை, நிரந்தர ஊழியர்களை மட்டுமே காத்தது. கான்ட்ராக்ட் ஸ்டாஃபுக்கு அதில் இடமில்லை.

நன்மைக் கணக்கு

வெளியீட்டின் பலன்களைத் தேதியோடு சொல்லலாம்.

2014 ஜனவரியில், அமெரிக்க அரசே அமைத்த தனியுரிமைக் கண்காணிப்பு வாரியம், தொலைபேசி விவரங்களை மொத்தமாக வாரிச் சேர்த்ததால் எந்தப் பயங்கரவாத விசாரணையிலும் குறிப்பிடத்தக்க பயன் கிடைத்ததாகத் தெரியவில்லை என்று அறிக்கை கொடுத்தது. 2015 மே மாதம் நியூயார்க்கில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தச் சேகரிப்புக்குச் சட்டம் இடம் தரவில்லை என்றது. அடுத்த மாதமே புதுச் சட்டம் வந்து, மொத்தச் சேகரிப்பு நின்றது. அதற்குப் பதில் வந்த சுருக்கப்பட்ட ஏற்பாட்டுக்கும் நான்கு வருஷத்தில் 10 கோடி டாலர் செலவாகி, உருப்படியான ஒரே ஒரு விசாரணைதான் அதிலிருந்து கிடைத்தது என்று 2020இல் அதே வாரியம் கணக்குச் சொன்னது. 2020 செப்டம்பரில் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், பழைய சேகரிப்பு சட்ட விரோதமானது என்றும், அது உதவியது என்று அதிகாரிகள் வெளியே சொன்னது ரகசிய ஆவணங்களோடு ஒத்துப் போகவில்லை என்றும் எழுதியது. அந்த வழக்கில் தண்டனை பெற்றவர்களை நீதிமன்றம் விடுவிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவுக்கு வெளியிலும் அலை பரவிற்று. பிரேசில் ஜனாதிபதி டில்மா ருசேஃப் 2013இல் வாஷிங்டன் பயணத்தைத் தள்ளி வைத்தார். ஜெர்மனியின் ஏஞ்சலா மெர்கலின் செல்போனே கண்காணிப்பில் இருந்தது என்று செய்தி வந்தது. அந்த இரண்டு நாடுகளும் முன்மொழிந்த, டிஜிட்டல் காலத்தில் தனியுரிமை பற்றிய தீர்மானம் 2013 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேறியது. 2015 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், ஐரோப்பியர்களின் தகவலை அமெரிக்காவுக்கு அனுப்ப இருந்த ஒப்பந்தத்தையே செல்லாது என்றது.

நம் கையில் உள்ள போனிலும் அதன் தடயம் உண்டு. 2013க்குப் பிறகு பெரிய கம்பெனிகள் செய்திகளைப் பூட்டி அனுப்பும் முறையை வேகமாக விரிவாக்கின. 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் முழுவதுமாக அந்த முறைக்கு மாறியது. சென்னையில் இருக்கும் பாட்டிக்கு அனுப்பும் பேரன் போட்டோ, அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் நடுவில் பார்க்க முடியாதபடி போகிறது என்றால், அந்த வேகத்துக்கு ஸ்னோடன் விவகாரமும் ஒரு காரணம்.

மாறாததும் உண்டு. பிரிஸத்துக்கு ஆதாரமான '702ஆவது பிரிவு' 2018இலும் 2024இலும் நீட்டிக்கப்பட்டது. அமெரிக்கக் குடிமக்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு, வெளிநாட்டவரான நமக்கு அந்த அளவில் கிடைக்கவில்லை.

எதிர்க்கணக்கு

அமெரிக்க மக்கள் சபையின் உளவுத் துறைக் குழு, இரண்டு கட்சியினரும் சேர்ந்து 2016இல் தந்த அறிக்கையில், ஸ்னோடன் எடுத்த ஆவணங்கள் 15 லட்சம் என்றது. அதில் பெரும்பாலானவற்றுக்கும் தனிமனித அந்தரங்கத்துக்கும் சம்பந்தமில்லை, ராணுவ ரகசியங்கள் என்றது. அந்த அறிக்கையில் தவறுகள் உண்டு என்று, இந்தச் செய்திகளை எழுதிய பத்திரிகையாளர் பார்ட்டன் கெல்மன் எடுத்துக் காட்டினார். ஆனாலும் மூல ஆட்சேபணை நிற்கிறது. சொந்த மக்களை வேவு பார்ப்பது வேறு, அந்நிய நாட்டை வேவு பார்ப்பது வேறு. இரண்டாவதைச் செய்யத்தான் சம்பளம். ஹாங்காங்கில் இருந்தபோதே, சீனக் கணினிகளுக்குள் அமெரிக்கா எப்படி நுழைகிறது என்று ஹாங்காங் பத்திரிகை ஒன்றுக்கு விவரம் சொன்னார் ஸ்னோடன். அதில் அமெரிக்கக் குடிமகனின் எந்த உரிமை காப்பாற்றப்பட்டது? அவருடைய ஆதரவாளர்களிலும் பலர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்.

அடுத்தது கவனக் குறைவு. ஆவணங்களைத் தானே வெளியிடாமல், எதை வெளியிடலாம் என்று தீர்மானிக்கும் பொறுப்பைப் பத்திரிகையாளர்களிடம் விட்டார். அது புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் 2014இல் 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிட்ட ஓர் ஆவணத்தில் கறுப்பு மை சரியாகப் பூசப்படாமல், மறைக்க வேண்டியது தெரிந்துவிட்டது. 2015இல் தொலைக்காட்சிப் பேட்டியில் ஜான் ஆலிவர் இதை எடுத்துக் கேட்டபோது, கொடுத்த ஒவ்வொரு தாளையும் படித்துவிட்டுத்தான் கொடுத்தேன் என்று ஸ்னோடனால் சொல்ல முடியவில்லை.

மாஸ்கோ என்ற முள்

ஸ்னோடன் என்றாலே இன்று முதலில் சொல்லப்படுவது, அவர் ரஷ்யாவில் இருக்கிறார் என்பதுதான். அங்கே அவர் எப்படிப் போய்ச் சேர்ந்தார்?

2013 ஜூன் 23 அன்று ஹாங்காங்கிலிருந்து மாஸ்கோவில் இறங்கினார். அங்கிருந்து ஹவானா வழியாக ஈக்வடார் போவது திட்டம். அதற்குள் அமெரிக்கா அவருடைய பாஸ்போர்ட்டை ரத்து செய்திருந்தது. மறுநாள் ஹவானா விமானத்தில் அவரைத் தேடி நிருபர்கள் ஏறி உட்கார்ந்தார்கள். அவர் சீட் மட்டும் காலி. விமான நிலையத்துக்குள்ளேயே ஒரு மாதத்துக்கும் மேல் கிடந்தார். நம் நாடு உட்பட இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிடம் அடைக்கலம் கேட்டார். பொலிவியா ஜனாதிபதி ஈவோ மொராலஸின் விமானத்தில் அவர் ஒளிந்திருக்கிறாரோ என்ற சந்தேகத்தில், ஐரோப்பிய நாடுகள் வழி மறுத்து, அது வியன்னாவில் இறங்க வேண்டியதாயிற்று. 2013 ஆகஸ்ட் 1 அன்று ரஷ்யா ஒரு வருஷ அடைக்கலம் கொடுத்தது. 2020இல் நிரந்தரக் குடியிருப்பு. 2022 செப்டம்பர் 26 அன்று, உக்ரைன் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், புடின் அவருக்குக் குடியுரிமை வழங்கினார். மனைவியும் இரண்டு பிள்ளைகளுமாக அங்கேயே வாசம்.

ரஷ்யாவுக்குத் தாள்கள் எதையும் கொண்டு போகவில்லை, எல்லாவற்றையும் ஹாங்காங்கிலேயே கொடுத்துவிட்டேன் என்கிறார். சந்தேகப்படுபவர்கள் நம்புவதில்லை. 2014 ஏப்ரலில் தொலைக்காட்சியில் புடினிடம் அவர், ரஷ்யாவும் இப்படி மக்களை மொத்தமாக வேவு பார்க்கிறதா என்று கேட்டார். புடின் இல்லை என்றார். இது நாடகம் என்று விமர்சனம் எழுந்தது. 2016இல் தகவல்களைத் தொலைபேசி கம்பெனிகள் சேமித்து வைக்க வேண்டும் என்று ரஷ்யா போட்ட சட்டத்தை அவர் பகிரங்கமாகக் கண்டித்தார். இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் 2022 பிப்ரவரியில், உக்ரைன் மேல் படையெடுப்பு வரப்போகிறது என்ற எச்சரிக்கைகளை அவர் நம்பவில்லை. படையெடுப்பு நடந்ததும், தன் கணிப்பு தப்பாகிவிட்டது, இனி இது பற்றிப் பேசுவதில் பயனில்லை என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அமெரிக்க அரசின் மௌனத்தை உடைத்தவர், அடைக்கலம் கொடுத்த அரசின் போர் விஷயத்தில் மௌனமானார். குடும்பத்தோடு அந்த மண்ணில் இருப்பவரிடம் வேறு எதை எதிர்பார்க்கலாம் என்பதும் நியாயம்தான். அதனால் அவர் குரலின் மதிப்பு குறைந்தது என்பதும் நிஜம்தான்.

திரும்பி வந்தால் என்ன?

'நல்லவனாக இருந்தால் திரும்பி வந்து கோர்ட்டில் நிற்கட்டும்' என்பார்கள். 1971இல் வியட்நாம் போர் பற்றிய பென்டகன் ஆவணங்களை வெளியிட்ட டேனியல் எல்ஸ்பர்க் ஊரிலேயே இருந்து வழக்கைச் சந்தித்தாரே என்று உதாரணமும் காட்டுவார்கள். அந்த எல்ஸ்பர்கே 2013 ஜூலையில், ஸ்னோடன் நாட்டை விட்டுப் போனது சரி, நான் இருந்த அமெரிக்கா வேறு என்று எழுதினார். அவர் ஜாமீனில் வெளியே இருந்துகொண்டு நாடெங்கும் பேச முடிந்தது. ஆனாலும் விசாரணையில், 'ஏன் இவற்றை நகல் எடுத்தீர்கள்?' என்று அவருடைய வக்கீல் கேட்டபோது, அந்தக் கேள்விக்கே நீதிபதி இடம் கொடுக்கவில்லை. 1973இல் எல்ஸ்பர்க் தப்பியது, அரசாங்கம் அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தில் திருட்டுத்தனமாகப் புகுந்தது அம்பலமானதால்.

முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஸ்னோடன் மேல் மூன்று குற்றச்சாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் பத்து வருஷம் வரை தண்டனை. அதில் இரண்டு 1917ஆம் வருஷத்து உளவுச் சட்டத்தின் கீழ். முதல் உலகப் போரின் போது ஒற்றர்களுக்காக எழுதிய சட்டம் அது. அதில், எதிரிக்கு விற்றவனும் பத்திரிகைக்குக் கொடுத்தவனும் கிட்டத்தட்ட ஒரே கூண்டில்தான் நிற்க வேண்டும். 'பொது நன்மைக்காகச் செய்தேன்' என்ற வாதத்தை ஜூரி காதில் போட வழியில்லை. அந்த வாதத்தைச் சொல்ல அனுமதித்தால் வருகிறேன் என்று ஸ்னோடன் 2019இல் கூடச் சொன்னார். கோர்ட்டில் முதலில் நிற்காதவருக்கு மன்னிப்புத் தர முடியாது என்று 2016இல் ஒபாமா சொன்னார். அவருடைய சட்ட அமைச்சராக இருந்த எரிக் ஹோல்டர் அதே வருஷம், ஸ்னோடன் செய்தது ஒரு பொதுச் சேவை, ஆனால் தண்டனை உண்டு என்றார். 2013இல் அவரைத் துரோகி என்ற டிரம்ப், 2020இல் மன்னிப்பு பற்றி யோசிப்பதாகச் சொன்னார், கொடுக்கவில்லை.

இந்தியா என்ன செய்தது?

அடைக்கலம் கேட்டு வந்த மனுவை இந்தியா 2013 ஜூலை 2 அன்று நிராகரித்தது. இத்தனைக்கும் அவர் வெளியிட்ட தாள்களின்படி, 2013 மார்ச் ஒரே மாதத்தில் இந்தியாவிலிருந்து என்.எஸ்.ஏ. திரட்டிய தகவல் துணுக்குகள் 630 கோடி; உலகில் ஐந்தாவது இடம். அப்போதைய வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித், இதை ஒட்டுக் கேட்பது என்று சொல்ல முடியாது என்றார். மறு வருஷம், கண்காணிக்க அனுமதிக்கப்பட்ட கட்சிகளின் பட்டியலில் பாரதீய ஜனதா கட்சியும் இருந்தது என்று செய்தி வந்தபோது, அந்தக் கட்சி ஆட்சியில் இருந்தது. உடனே அமெரிக்கத் தூதரக அதிகாரியை அழைத்து ஆட்சேபம் தெரிவித்தார்கள்.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அதில் நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் எழுதிய தீர்ப்புரையில் ஸ்னோடனின் பெயர் வருகிறது. அடைக்கலம் கேட்டபோது உள்ளே வர முடியாதவர், நம் அரசியல் சட்ட வரலாற்றுக்குள் அப்படி வந்து சேர்ந்தார்.

ஆனால் நம் வீட்டுக் கதையும் பெரிதாக மெச்சும்படி இல்லை. நம்மிடம் 1923ஆம் வருஷத்து அலுவலக ரகசியச் சட்டம் இன்னும் இருக்கிறது. நெடுஞ்சாலை ஊழலைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதி, பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்ட பொறியாளர் சத்யேந்திர துபே, 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு எழுந்த கிளர்ச்சியில் உருவான புகாரளிப்போர் பாதுகாப்புச் சட்டம் 2014இல் ஜனாதிபதியின் ஒப்புதல் பெற்றது. பத்து வருஷம் தாண்டியும் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை வரவில்லை.

எது காட்டிக் கொடுத்தது, எது காட்டித் தந்தது?

என் அபிப்பிராயம் இது. தொலைபேசி விவரங்களை வாரிச் சேர்த்ததை வெளியே சொன்னது காட்டித் தந்த காரியம். நீதிமன்றங்களே அதற்குச் சாட்சி. சீனாவுக்கு எதிரான வேலையை விவரித்ததும், முழுக்கப் படிக்காத தாள்களைக் கட்டுக் கட்டாகக் கொடுத்ததும் காட்டிக் கொடுத்ததற்குப் பக்கத்தில் வரும். இரண்டையும் செய்தது ஒரே ஆள்தான். ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிக்கக் கூடாது.

இப்படிப் பிரித்து எடை போடுவதற்கென்றே ஏற்பட்ட இடம் நீதிமன்றம். அவர் வெளியிட்ட விஷயத்துக்கு அங்கே தீர்ப்புக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. 'ஏன் செய்தாய்?' என்று கேட்கச் சட்டம் இடம் தராத வரை, அவர் எந்த ஊரில் போய் நிற்கிறார் என்பதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் பழக்கம்தான் நமக்கு வரும். நம் பிள்ளைகளில் ஒருவர் நாளைக்கு ஏதோ ஒரு அலுவலகத்தில், மனசாட்சிக்குப் பொறுக்காத ஒரு ஃபைலைப் பார்க்க நேரலாம். அப்போது அவர் போய்ச் சொல்ல இந்த நாட்டிலேயே பத்திரமான ஓர் இடம் இருக்க வேண்டும். அதற்கான சட்டம் நம்மிடம் எழுதியாகிவிட்டது. நடைமுறைக்கு வரவேண்டியதுதான் பாக்கி.